மலைப்பாம்பா, போவாவா?

செல்வி: 📷 படம்

செல்வி: இன்னொரு குழுவில் வந்தது. "அனகோண்டா குட்டி"யாம். பச்சைப் பசேலென்று கிளையில் வளையம் வளையமாகக் கிடக்கிறது. உடம்பே சிலிர்த்துவிட்டது.

ராஜி: படுக்கப் போகிற நேரத்தில் இதைத்தான் அனுப்ப வேண்டுமா அண்ணி? 😖

நிலா: அத்தை, இது அனகோண்டாவே இல்லை. கிளையில் சும்மாடு மாதிரி சுருண்டு, நடுவில் தலையை வைத்துக்கொள்வது இரண்டு பாம்புகள். ஒன்று நியூ கினிப் பக்கத்துப் பச்சை மர மலைப்பாம்பு. இன்னொன்று தென்னமெரிக்காவின் மரகத மரப் போவா.

பாலு: இரண்டும் ஒன்றுதானே? போவா என்பது மலைப்பாம்புக்கு இன்னொரு பெயர் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிலா: முன்பு விஞ்ஞானிகளே ஒரே குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள் மாமா. டி.என்.ஏ. பார்த்த பிறகு கதை மாறிவிட்டது. மலைப்பாம்புக்கு நெருங்கிய சொந்தம் போவா இல்லை. தென்கிழக்கு ஆசியாவில் மண்ணைத் துளைத்துத் திரிகிற, வானவில் மாதிரி மினுமினுக்கும் சூரியக்கதிர்ப் பாம்புதான் அதைவிட நெருக்கம்.

பாலு: அப்படியென்றால் படத்தில் இருப்பது எது?

நிலா: உதட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். சூட்டை உணர்கிற குழிகள் இருக்கும். இருட்டிலும் இரையின் உடல் சூடு அதில் தெரியும். குழி செதிலின் மேலேயே இருந்தால் மலைப்பாம்பு. இரண்டு செதிலுக்கு நடுவில் இருந்தால் போவா.

செல்வி: இரு, கண்ணாடியை எடுத்து வருகிறேன்.

கவின்: அக்கா, மலைப்பாம்புக்குக் கால் இருக்கிறதாமே? வகுப்பில் ஒருவன் சொன்னான், யாருமே நம்பவில்லை.

நிலா: அவன் சொன்னது சரிதான்டா. எங்கள் துறையில் ஓர் எலும்புக்கூடு இருக்கிறது. விலா எலும்பு முடிகிற இடத்தில், இரண்டு பக்கமும் ஒரு குட்டி எலும்பு முதுகெலும்போடு ஒட்டாமல் தனியாக நிற்கும். இடுப்பெலும்பிலும் தொடையெலும்பிலும் மிஞ்சியது அவ்வளவுதான். அதன் நுனி மட்டும் கழிவுத் துளைக்கு இரண்டு பக்கமும் நகம் மாதிரி வெளியே எட்டிப்பார்க்கும். போவாவுக்கும் உண்டு.

ராஜி: நடக்க முடியாத காலை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

நிலா: ஆணுக்குத்தான் அம்மா பெரிதாக இருக்கும். இணை சேரும்போது பெண்ணின் உடம்பை அதனால் வருடும்.

ராஜி: சரி சரி, கவின் இருக்கிறான். 🤐

கவின்: 😂 முட்டைக்குள் இருக்கும்போது கால் முளைக்குமா?

நிலா: முளைக்கத் தொடங்கும். கால் வளர ஒரு மரபணு வேலை செய்ய வேண்டும். அதன் பெயர் சோனிக் ஹெட்ஜ்ஹாக், நீ விளையாடுகிற அதே சோனிக்தான். மலைப்பாம்புக் கருவில் அது கொஞ்ச நேரம் எரிந்துவிட்டு அணைந்துவிடுகிறது. 2016-ல் கண்டுபிடித்தார்கள். பல்லி மாதிரி கால் இருந்த முன்னோரிடமிருந்து வந்ததற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பாலு: அதனால்தான் ஆதிப் பாம்பு என்கிறார்களா?

நிலா: அதுவும் ஒரு காரணம். அப்புறம் நுரையீரல். நல்ல பாம்பு, சாரை எல்லாவற்றுக்கும் வலது நுரையீரல்தான் உழைக்கும், இடது பெயருக்கு ஒரு துணுக்கு, அல்லது அதுவும் இல்லை. மலைப்பாம்புக்கும் போவாவுக்கும் இரண்டுமே வேலை செய்யும், இடது மட்டும் சின்னது. ஆனால் "ஆதி" என்றதும் மட்டமானது என்று நினைக்காதீர்கள். பர்மிய மலைப்பாம்பு பெரிய இரையை விழுங்கிய இரண்டு மூன்று நாளில் அதன் இதயம் 40 சதவீதம் வரை பெருத்து, பிறகு சுருங்கிவிடும். நம்மால் முடியுமா?

பாலு: எனக்கு விருந்து சாப்பிட்டால் வயிறு மட்டும்தான் பெருக்கிறது. சுருங்குவதும் இல்லை.

நிலா: 😄 பழைய புத்தகங்களில் இந்த மாதிரிப் பாம்புகளை எல்லாம் "ஹெனோஃபிடியா" என்று ஒரே மூட்டையாகக் கட்டியிருப்பார்கள். அது ஒரே வம்சம் இல்லை. பழைய அம்சங்களை விடாமல் வைத்திருக்கும் பல கிளைகள், அவ்வளவுதான்.

கவின்: மலைப்பாம்பு முட்டை, போவா குட்டி. இது சரியா? தேர்வில் எழுதலாமா?

நிலா: எழுது. மலைப்பாம்பில் விலக்கே கிடையாது. பர்மிய மலைப்பாம்புத் தாய் முட்டைகளைச் சுற்றிப் படுத்துத் தசையைத் துடிக்கவைத்தே சூடேற்றும். போவா பக்கம்தான் தகராறு. ஆப்பிரிக்காவில் கலபாரியா என்று ஒன்று. மண்ணுக்குள் வாழும், முட்டை போடும். அதனால் ரொம்ப நாள் மலைப்பாம்புக் கூட்டத்தில் சேர்த்திருந்தார்கள். இப்போது போவா பக்கம் மாற்றிவிட்டார்கள், அது பாட்டுக்கு இன்னும் முட்டைதான் போடுகிறது. மண்ணுளிப் பாம்பும் போவாவின் சொந்தம்தான். அதில் பெரும்பாலும் குட்டி போடும், ஆனால் அரேபிய மண்ணுளி முட்டை போடும்.

கவின்: டைட்டனோபோவா?

நிலா: அழிந்துபோன அந்த ராட்சதப் பாம்பும் போவா குடும்பம்தான். கொலம்பியாவில் செரெகோன் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்தது, 2009-ல் பெயர் வைத்தார்கள். சுமார் 13 மீட்டர்.

ராஜி: நான் தூங்கின மாதிரிதான்.

செல்வி: பார்த்துவிட்டேன்! மூக்குக்குக் கீழே சின்னச் சின்னப் பள்ளம். செதிலின் மேலேயே இருக்கிறது.

நிலா: அப்போ பச்சை மர மலைப்பாம்பு. 👏

செல்வி: அந்தக் குழுவில் போட்டுவிட்டேன். "சரிக்கா, அனகோண்டா இல்லை, மலைப்பாம்புக் குட்டி என்று வைத்துக்கொள்வோம்" என்கிறார்கள்.

நிலா: குட்டியும் இல்லை அத்தை. இதன் குட்டி மஞ்சளாகவோ செங்கல் சிவப்பாகவோ இருக்கும். வளர்ந்த பிறகுதான் பச்சை.

செல்வி: இரு, அதையும் போடுகிறேன்.