டைட்டில் ஒன் பணம்: "வெறும் பத்து சதவீதம்" என்பவர்களுக்கு

ஃபில்லி டீச்சர்:
இங்கே அமெரிக்காவில் நடந்த பொங்கல் விழா ஒன்றில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "பள்ளிகளுக்கு வாஷிங்டன் கொடுப்பது வெறும் பத்து சதவீதம். கல்வித் துறையை நாளைக்கே இழுத்து மூடினாலும் எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது" என்று பேசியிருக்கிறார். அந்த வீடியோவை இங்கே போட்டு, "சரியாகச் சொன்னார்" என்று எழுதியிருக்கிறார் பிளேனோக்காரன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

நான் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு தொடக்கப் பள்ளியில் வாசிப்பு டீச்சர். மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைகளை ஐந்தைந்து பேராக உட்காரவைத்துப் படிக்கச் சொல்லித் தருவது என் வேலை. என் சம்பளம் டைட்டில் ஒன் கணக்கில், அதாவது ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளுக்கு வாஷிங்டன் தரும் பணத்தில் வருகிறது. 1965 ஏப்ரலில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், டெக்சாஸில் தான் சின்ன வயதில் படித்த பள்ளியின் வாசலில், தன் பழைய டீச்சரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையெழுத்துப் போட்ட சட்டத்திலிருந்து வரும் பணம் அது. அந்தப் பத்து போனால் என் மேஜையும் போகும், அதைச் சுற்றி உட்காரும் பிள்ளைகளும் போவார்கள். "ஒன்றும் ஆகாது" என்பவர் ஒருநாள் வந்து அந்த மேஜையில் உட்காரட்டும்.

பிளேனோக்காரன்:
டீச்சர், உங்கள் வேலைமேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எண் எண்தான். பள்ளிகளுக்கு ஆகும் செலவில் கிட்டத்தட்ட 90 சதவீதம் மாநிலமும் உள்ளூர் வரியும் போடுவது. மீதிதான் ஃபெடரல் பணம். அது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய். ஊறுகாய் இல்லை என்று யாரும் பட்டினி கிடந்ததில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். டெக்சாஸில் நாங்கள் கட்டும் பிராப்பர்ட்டி டாக்ஸில் ஒரு பங்கை மாநிலமே எடுத்து ஏழை ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுகளுக்கு (ஒரு பகுதியின் பள்ளிகளை நடத்தும் அமைப்புகளுக்கு) கொடுக்கிறது. 1993-இலிருந்து நடக்கிறது, 'ராபின் ஹூட்' என்று பெயர். அதற்கு ஒருவரும் நன்றி சொன்னதில்லை.

ஃபில்லி டீச்சர்:
ஊறுகாயா? பழைய சோறு மட்டும் இருக்கிற வீட்டில் குழம்பும் அதுதான், பொரியலும் அதுதான்.

பென்சில்வேனியாவில் 500 டிஸ்ட்ரிக்ட்டுகள் இருக்கின்றன. அதில் சொந்தமாக வரி போட அதிகாரம் இல்லாதது எங்கள் ஃபிலடெல்ஃபியா ஒன்றுதான். நகரமும் மாநிலமும் கொடுத்தால்தான் உண்டு. நகர எல்லையைத் தாண்டினால் லோயர் மெரியன், அங்கே வீட்டு வரியே பள்ளியைத் தாங்கிவிடும். மாநிலத்தின் இந்தப் பங்கீடு அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று 2023 பிப்ரவரியில் மாநில நீதிமன்றமே தீர்ப்பு சொல்லிவிட்டது. இவ்வளவும் இருக்கும்போது உங்கள் பத்து எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஏழைப் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் டைட்டில் ஒன் பணம் டிஸ்ட்ரிக்ட்டுக்கு வருகிறது. வந்த பிறகும் டிஸ்ட்ரிக்ட் தன் இஷ்டத்துக்குப் பிரிக்க முடியாது. 75 சதவீதத்துக்கு மேல் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்குத்தான் முதலில் போக வேண்டும். எல்லா வீட்டுக்கும் பத்துப் பத்தாக எண்ணிக் கொடுக்கிற பணம் இல்லை இது.

வரிக்குதிரை:
ஒரு நிமிடம். எதில் பத்து? நாட்டின் சராசரியா, ஒரு டிஸ்ட்ரிக்ட்டின் பட்ஜெட்டா, ஒரு பள்ளியின் செலவா? மதிய உணவைச் சேர்த்தா, சேர்க்காமலா? அது வேளாண் துறையின் பணம், கல்வித் துறையை மூடினாலும் அது நிற்காது. கொரோனா காலத்தில் மூன்று தவணையாக வந்த சுமார் 190 பில்லியன் டாலரால் சில வருடம் ஃபெடரல் பங்கு பத்தைத் தாண்டியும் இருந்தது. இதை முடிவு செய்துகொண்டு பேசலாமே.

பிளேனோக்காரன்:
எதைச் சேர்த்தாலும், எதைக் கழித்தாலும், சாதாரண வருடத்தில் அது பத்துதான்.

ஃபில்லி டீச்சர்:
வரிக்குதிரை, நடுவில் நின்று கணக்குக் கேட்பது சுலபம். நான் சொல்வது என் பள்ளியைப் பற்றி.

ஜெர்சி அப்பா:
எல்லோரும் டைட்டில் ஒன்னிலேயே நிற்கிறீர்கள். சிறப்புக் கல்வியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் மகனுக்கு ஐஇபி உண்டு, அவனுக்கு என்னென்ன உதவி தர வேண்டும் என்று பள்ளி எழுதித் தரும் தனித் திட்டம் அது. வாரம் இரண்டு முறை ஸ்பீச் தெரபி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். ஆறு மாதம் "ஆள் கிடைக்கவில்லை" என்றார்கள். எந்த டிஸ்ட்ரிக்ட் என்று சொல்ல மாட்டேன். அவன் "அப்பா" என்று தெளிவாகச் சொல்ல ஆறு வயது ஆனது.

1975-இல் சிறப்புக் கல்விச் சட்டம் போட்டபோது, சராசரியாக ஒரு மாணவருக்கு ஆகும் செலவில் 40 சதவீதம் வரை தருவோம் என்று வாஷிங்டன் சொன்னது. ஐம்பது வருடம் ஆயிற்று, ஒரு வருடம்கூட அந்த 40-ஐத் தொடவில்லை. நீங்கள் பத்துக்குச் சண்டை போடுகிறீர்கள், வராத 40-க்கு யார் சண்டை போடுவது?

பிளேனோக்காரன்:
அப்படியானால் நீங்கள் என் பக்கம். ஃபெடரல் பணம் வந்தாலும் வராவிட்டாலும் சட்டப்படி டிஸ்ட்ரிக்ட் தெரபி கொடுத்தே ஆக வேண்டும். இங்கேயும் பெரும்பங்கு உள்ளூர்ப் பணம்தான்.

ஜெர்சி அப்பா:
நான் உங்கள் பக்கம் இல்லை. வருகிற கொஞ்சமும் நின்றால் டிஸ்ட்ரிக்ட் எங்கிருந்து எடுக்கும்? இசை டீச்சரை அனுப்புவார்கள், வகுப்பில் 30 பேரை அடைப்பார்கள். அப்புறம் ஸ்கூல் போர்டு மீட்டிங்கில் மற்ற பெற்றோர் என் பிள்ளையைத்தான் முறைப்பார்கள். அதை நான் நேரில் அனுபவித்திருக்கிறேன்.

காவிரிக்கரை:
ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கு என்று டைட்டில் த்ரீ பணம் இருக்கிறதே, அதையும் சொல்லுங்கள். பள்ளியில் சேர்க்கும்போது "வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்" என்று ஒரு படிவம் தருவார்கள். "தமிழ்" என்று எழுதினால் பரீட்சை வைப்பார்கள், தேவைப்பட்டால் ஈஎஸ்எல்லில், அதாவது ஆங்கிலம் சொல்லித் தரும் தனி வகுப்பில் போடுவார்கள். நம்மவர்களில் எத்தனை பேர் அதற்குப் பயந்து "ஆங்கிலம்" என்று எழுதிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் வந்து மொழிப்பற்று பேசுகிறோம்?

பிளேனோக்காரன்:
என் மகளுக்கு ஆங்கிலம் தெரியும், "ஆங்கிலம்" என்று எழுதினேன். அதில் என்ன தப்பு? அது என் சொந்த விஷயம்.

ஃபில்லி டீச்சர்:
படிவம் கேட்பது பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியுமா என்று இல்லை, வீட்டில் என்ன பேசுகிறீர்கள் என்று. ஒரு வரிக்குக்கூட உண்மையாகப் பதில் எழுத மனம் வரவில்லை, ஊர்ப் பணத்துக்குக் கணக்குச் சொல்ல வந்துவிட்டீர்கள்.

பிளேனோக்காரன்:
போன வருடம் தமிழ்ப் பள்ளி வாடகை விவாதத்திலும் இப்படித்தான் ஆள்மீது பாய்ந்தீர்கள். நான் மறக்கவில்லை.

ஃபில்லி டீச்சர்:
நானும் மறக்கவில்லை. அன்றைக்கும் "எவ்வளவு" என்றுதான் கேட்டீர்கள், "யாருக்கு" என்று கேட்கவில்லை.

சரி, பத்துக்கே வருகிறேன். 2025 ஜூலை 1 அன்று மாநிலங்களுக்குப் போக வேண்டிய 6 பில்லியன் டாலருக்கும் அதிகமான பணத்தை முந்தின நாள் வாஷிங்டனில் நிறுத்தினார்கள். ஆஃப்டர் ஸ்கூல், டீச்சர் பயிற்சி, காவிரிக்கரை சொன்ன ஈஎஸ்எல், எல்லாம் அதில் அடக்கம். டைட்டில் ஒன் அதில் இல்லை, இருந்தும் நாடு முழுக்க டிஸ்ட்ரிக்ட்டுகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றன. ஆஃப்டர் ஸ்கூல் பணத்தை ஜூலை மூன்றாம் வாரத்திலும், மீதியை ஜூலை கடைசியிலும்தான் விட்டார்கள். பத்திலேயே ஒரு துண்டுதான் அது. சாயங்காலம் ஆறு மணி வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாத அம்மாக்களுக்கு அந்த வாரங்கள் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பிளேனோக்காரன்:
கடைசியில் விட்டார்கள் அல்லவா? அதைத்தான் சொல்கிறேன். ஃபெடரல் பணம் வருகிறது என்று தெரிந்தால் உள்ளூர் அரசியல்வாதி தன் பங்கைக் குறைப்பான். வராவிட்டால் போடுவான்.

ஃபில்லி டீச்சர்:
அப்படிக் குறைக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. உள்ளூர்ப் பணத்துக்கு மேலேதான் டைட்டில் ஒன் சேர வேண்டும், அதற்குப் பதிலாக வைக்கக் கூடாது. முதலில் சட்டத்தைப் படியுங்கள். படித்துவிட்டு உங்கள் பிளேனோவிலேயே கிழக்குப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். அங்கேயும் டைட்டில் ஒன் பள்ளிகள் உண்டு.

வரிக்குதிரை:
இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. எதில் பத்து?

பிளேனோக்காரன்:
கிழக்குப் பிளேனோவை எனக்குக் காட்ட வேண்டாம், அங்கேதான் ஐந்து வருடம் குடியிருந்தேன். இத்தனை பதிவு போட்டும் பத்தைப் பதினொன்றாக்க உங்களால் முடியவில்லை.

ஃபில்லி டீச்சர்:
ஐந்து வருடம் இருந்தவருக்கு அந்தப் பள்ளி கண்ணில் படவில்லையா? நாளைக்குக் காலை எட்டரைக்கு என் மேஜையில் ஐந்து பேர் வந்து உட்காருவார்கள். சாயங்காலம் வந்து மறுபடியும் எழுதுவேன்.