தேங்கின தண்ணியில் சைக்கிள்: எந்த அளவு வரைக்கும் ஓட்டலாம்?

ஈரச்சட்டை:
வேளச்சேரி விஜயநகர் டு தரமணி, சுமார் அஞ்சு கிலோமீட்டர். 700×32 டயர், அலுமினிய ரிம், ரிம் பிரேக், எட்டு கியர். ஹப் (சக்கரத்தோட நடுப்பகுதி), பெடல் எல்லாம் சாதா பேரிங் பால்ஸ். அக்டோபர்ல ஆரம்பிச்சா டிசம்பர் வரைக்கும் வழியில எங்கயாவது தண்ணி நிக்கும். "அச்சு முங்குற வரைக்கும் ஓட்டு"ன்னு ஒரு கட்சி, "தரை தெரியலைன்னா இறங்கு"ன்னு இன்னொரு கட்சி. எத்தனை சென்டிமீட்டர்னு காரணத்தோட சொல்லுங்க.

கோன்ஸ்பேனர்:
தம்பி, உங்க வண்டிக் கணக்கு இது. ரிம் 622, டயர் ரெண்டு பக்கமும் சேர்த்து 64, ஆக மொத்தம் 686 மி.மீ. அதுல பாதி 34 செ.மீ., அங்கதான் ஹப் அச்சு. பி.பி. (பாட்டம் பிராக்கெட், கிராங்க் சுத்துற அச்சு) அதைவிட 7 செ.மீ. கீழே, 27-ல. கிராங்க் (பெடல் மாட்டுற தண்டு) 17, அதனால பெடல் கீழே வரும்போது தரையிலிருந்து வெறும் 10 செ.மீ. எல்லாரும் ஹப்பைப் பார்க்கிறாங்க, ஆனா முதல்ல தண்ணி குடிக்கிறது பெடல்தான். உள்ளே 5/32 பால்ஸ், சீல்னு சொல்ல ஒண்ணும் கிடையாது. என் கணக்கு: தேங்கி நிக்கிற தண்ணின்னா 25 செ.மீ. வரைக்கும் லோ கியர்ல மிதிச்சுக்கிட்டே போகலாம். பி.பி. முங்கினா இறங்கிடணும்.

தரைதெரியணும்:
சார், உங்க எல்லைக்கோடு வண்டிக்கு. ஆளுக்கு இல்லை. பால்ஸ் கெட்டா ஒரு பாக்கெட் பால்ஸ், ஒரு டப்பா கிரீஸ், ஒரு மாலை நேரம், அவ்வளவுதான் செலவு. தண்ணி வடியட்டும்னு மூடியைத் திறந்து வச்ச மேன்ஹோல்ல முன் சக்கரம் இறங்கினா? வடிகால் வேலைக்குத் தோண்டின பள்ளம், ஜல்லி பெயர்ந்த குழி, கம்பி இடைவெளி வண்டி போற திசையிலயே இருக்கிற சல்லடை மூடி, எல்லாம் 12 செ.மீ. கலங்கல் தண்ணிக்கு அடியில கண்ணுக்குத் தெரியாது. 32 மி.மீ. டயர் அந்தக் கம்பி இடுக்குல அழகா உட்கார்ந்துக்கும். இன்னொண்ணு, ஓடுற தண்ணி வேற. 15 செ.மீ. ஆழத்துல வேகமா ஓடினாலே நிக்கிற ஆளைச் சாய்ச்சுடும். சைக்கிள் அதுக்கு முன்னாடியே சாயும்.

கோன்ஸ்பேனர்:
ஓடுற தண்ணி பத்தி சொன்னதுக்கு மறுப்பில்லை. ஆனா "இறங்கு"ன்னு சொல்லி விட்டா ஆச்சா? இறங்கினவன் கால் மேன்ஹோலுக்குள்ள போகாதா? இறங்குறதுக்கும் முறை இருக்கு. வண்டியை இடது பக்கம் வச்சுக்கிட்டு, முன் சக்கரம் உங்க காலுக்கு ஒரு அடி முன்னாடி போற மாதிரி தள்ளணும். கை பின் பிரேக்குல இருக்கட்டும். குழி இருந்தா முதல்ல சக்கரம் சொல்லும், ஹேண்டில்பாரைப் பிடிச்சபடி நின்னுடலாம். வண்டியைத் தோள்ல தூக்கிக்கிட்டு நடக்கிறது வீரம்தான், ஆனா தரை பார்க்கிற குச்சியைத் தூக்கி மேல வச்சுக்கிட்ட கதை.

மட்கார்டு:
ரெண்டு பேரும் ஆழத்தைப் பேசுறீங்க, ஆழத்தை எப்படி அளப்பாராம்? முன்னால போற ஆட்டோவைப் பாருங்க. 4.00-8 டயர், நடு நட்டு தரையிலிருந்து ஏறக்குறைய 20 செ.மீ. நட்டு முங்கினா 20 தாண்டியாச்சு. நடைபாதைக் கல்லை நம்பாதீங்க. ஐ.ஆர்.சி. (இந்தியச் சாலைகள் காங்கிரஸ்) விதி 15 செ.மீ. தாண்டக்கூடாதுங்குது, நம்ம ஊர்ல அதைவிட உசரமா நிறைய இருக்கு.

தரைதெரியணும்:
ஆட்டோ நட்டு நல்ல அளவுகோல். ஆனா எம்.டி.சி. பஸ் ஒண்ணு பக்கத்துல போனா வர்ற அலையில 20 இருந்த இடம் சட்டுனு 35 ஆகும், அதுவும் பக்கவாட்டுல இடிக்கும். பஸ் தாண்டுற வரைக்கும் நின்னுக்கணும், கால் ரெண்டும் தரையில இருக்கணும்.

அப்புறம் கரண்ட். "டயர் ரப்பர்தானே, ஷாக் அடிக்காது"ன்னு சொல்றவங்களுக்கு: ரிம், செயின், பெடல், உங்க கால் எல்லாமே தண்ணிக்குள்ள இருக்கு, ரப்பர் எதைக் காப்பாத்தும்? தெருவிளக்குக் கம்பம், மின்வாரியப் பெட்டி, கடை போர்டு இதையெல்லாம் ஒட்டி ஓரமா போறதைவிட நடு ரோடு மேல். சுரங்கப்பாதை பத்தி விவாதமே வேண்டாம். அரங்கநாதனோ துரைசாமியோ கணேசபுரமோ, தண்ணி தெரிஞ்சா திரும்பிடணும்.

கோன்ஸ்பேனர்:
நடு ரோட்டுக்கு என் ஓட்டும் உண்டு. ரோடு நடுவுலதான் உசரம், ஓரத்துல சரிவு, குழியும் வடிகாலும் அங்கதான். சுரங்கப்பாதையிலயும் ஒத்துப்போறேன், சந்தோஷமா?

பேட்டரிபாய்:
இ-சைக்கிள்ல போகலாமா? ஐ.பி.எக்ஸ்.4-ன்னு போட்டிருக்காங்களே பாஸ்.

மட்கார்டு:
அந்த 4-க்கு அர்த்தம் சிதறுற தண்ணியைத் தாங்கும்னு மட்டும்தான். முங்குறதைப் பத்தி அது பேசவே இல்லை. 7-ன்னா ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம். ஹப் மோட்டார்ல ஒயர் அச்சு வழியா உள்ளே போகும், தண்ணியும் அதே வழியா போகும். அச்சு வரைக்கும் தண்ணின்னா பவரை ஆஃப் பண்ணிட்டுத் தள்ளுங்க. நனைஞ்சா முழுசா காயாம சார்ஜ் போடாதீங்க.

ஈரச்சட்டை:
டயரை மாத்தணுமா? பட்டன் போட்ட டயர்தான் வழுக்காதுங்கிறாங்க.

கோன்ஸ்பேனர்:
வேண்டாம். தண்ணி மேல டயர் மிதக்குற வேகத்துக்கு விமானத் துறையில ஒரு சூத்திரம் உண்டு. 60 பி.எஸ்.ஐ. காத்துக்கு அது மணிக்கு 130 கி.மீ. பக்கம் வருது, நீங்க ஓட்டுறது 18. வழுக்குறது டயராலன்னு நினைச்சா தப்பு. ஜீப்ரா கோட்டு பெயின்ட், மெட்ரோ வேலைக்குப் போட்ட இரும்புத் தகடு, முதல் மழையில கிளம்புற எண்ணெய், இதுதான் வழுக்குது. அங்கெல்லாம் ஹேண்டில் நேரா இருக்கணும், பிரேக்கைத் தொடாதீங்க. காத்து மட்டும் 10 பி.எஸ்.ஐ. குறைச்சுக்குங்க, பிடிமானம் கூடும்.

தரைதெரியணும்:
காத்தைக் குறைக்காதீங்க. தெரியாத குழியோட விளிம்புல இடிச்சா டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவுல நசுங்கி, பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை விழும். அதோட ஈர ரப்பரைக் கண்ணாடித் துண்டு சுலபமா வெட்டும். மழையில பஞ்சர் ஒட்டினாலும் ஈரத்துல சொல்யூஷன் பிடிக்காது. மாத்து டியூப் ஒண்ணு பையில இருக்கட்டும்.

மட்கார்டு:
இதுல நான் தரைதெரியணும் பக்கம்.

பிரேக்கை யாரும் தொடலையே. நனைஞ்ச அலுமினிய ரிம்ல முதல் ரெண்டு மூணு சுத்துக்குப் பிரேக் கட்டை தண்ணியைத்தான் துடைக்கும். ஒரு சுத்து 2.15 மீட்டர். 20 கி.மீ. வேகத்துல பிரேக் பிடிக்கவே ஆரம்பிக்காம ஒரு விநாடி, அஞ்சாறு மீட்டர் போயிடும். அதனால சிக்னலுக்கு 30 மீட்டர் முன்னாடியே லேசா உரசவிடுங்க. குரோம் போட்ட இரும்பு ரிம் இதைவிட ரொம்ப மோசம். வாரம் ஒருமுறை கட்டையில குத்தியிருக்கிற மணலைக் குண்டூசியால எடுத்துடுங்க, இல்லைன்னா ரிம்மை ராவிடும்.

கியர் வண்டிக்கு இன்னொரு தொல்லை. பின் டீரெய்லர் (செயினை கியர் மாத்துற பாகம்) தொங்குறது தரைக்குப் பக்கத்துல. மிதக்குற பிளாஸ்டிக் கவர், தென்னை நார் அதுல இருக்கிற சின்னப் பல்சக்கரத்துல சுத்திக்கும். மிதி திடீர்னு கனமானா அழுத்தாதீங்க, டீரெய்லர் மாட்டியிருக்கிற காது வளைஞ்சுடும். நின்னு பின்னோக்கிச் சுத்தி எடுங்க. இதுக்காகவே கியர் இல்லாத பழைய வண்டியை மழைக்குன்னு ஒதுக்குறவங்க புத்திசாலிங்க.

தரைதெரியணும்:
காலையும் கவனிங்க. அது மழைத்தண்ணி மட்டுமில்லை, சாக்கடையும் எலி மூத்திரமும் கலந்தது. கால்ல வெட்டு, சேற்றுப்புண் இருந்தா எலிக்காய்ச்சல் அது வழியாத்தான் ஏறும். புண் இருக்கிற அன்னிக்கு பஸ். ஷூவுக்குப் பதிலா பின்பட்டை வச்ச ரப்பர் செருப்பு, ஆபீஸ் போனதும் சோப்புப் போட்டுக் கழுவி விரலிடுக்கைத் துடைக்கணும். அப்புறம் ரெண்டு நாள்லேர்ந்து நாலு வாரத்துக்குள்ள காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தா, தண்ணியில கால் வச்சதை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

கோன்ஸ்பேனர்:
வீட்டுக்கு வந்ததும்: நல்ல தண்ணியை மக்குல ஊத்திக் கழுவுங்க, வாட்டர் சர்வீஸ் கன் வேண்டாம், அது தண்ணியை பால்ஸுக்குள்ள அடிக்கும். செயினைத் துணியால இழுத்துத் துடைச்சு, காஞ்சதும் ரோலருக்கு ஒரு சொட்டு எண்ணெய். டபிள்யூடி-40 ஈரம் விரட்டத்தான், எண்ணெய் ஆகாது. தேங்காய் எண்ணெயும் வேண்டாம். சீட் கம்பியை உருவி வண்டியைத் தலைகீழா ரெண்டு மணி நேரம் வைங்க. பி.பி. ஓட்டுக்குள்ள தேங்கின தண்ணி வர்றதைப் பார்த்தா அடுத்த தடவை மறக்கமாட்டீங்க.

ஹப் முங்கியிருந்தா ரெண்டு மூணு நாளுக்குள்ள ஓவராயில் (முழுசா பிரிச்சுச் சுத்தம்). கிரீஸ் பழுப்புத் தயிர் மாதிரி இருந்தா தண்ணி கலந்தாச்சு. ஒவ்வொரு பக்கத்துக்கும் கணக்கு: முன் ஹப்புக்கு 3/16 பால்ஸ் பத்து, பின் ஹப்புக்கு கால் இஞ்ச் ஒன்பது, பி.பி.க்கு கால் இஞ்ச் பதினொண்ணு. கெரசின்ல கழுவிக் காயவச்சு, படகு கிரீஸ் கிடைச்சா அதையே வைங்க.

ஈரச்சட்டை:
சரி, ஆட்டோ நட்டு முங்கினா இறங்குறேன். கோன்ஸ்பேனர் அண்ணே, பெடலை வீட்டுலயே கழட்ட முடியுமா?

கோன்ஸ்பேனர்:
15 ஸ்பேனர் போதும். வலது பெடல் வழக்கம்போல, இடது பெடல் மறை மட்டும் எதிர்த்திசை. அதைத் தெரியாம முறுக்கி கிராங்க்கைக் கெடுத்துட்டு வராதீங்க. திரும்ப மாட்டும்போது மறையில கொஞ்சம் கிரீஸ் தடவுங்க.