பாப் ஆர்ட் வகுப்பு: அன்றாடச் சின்னங்களை வைத்துச் சொல்லிக்கொடுத்தவர்களின் அனுபவங்கள்

சாயக்கிண்ணம்:
விளம்பரம், காமிக்ஸ், கடைப்பொருள் என்று அன்றாடம் கண்ணில் படுவதையே படமாக்கும் கலைதான் பாப் ஆர்ட். இந்தப் பாடம் சொதப்புவது பெரும்பாலும் வண்ணத்தில் இல்லை, பொருளைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான். "பிடித்ததை வரையுங்கள்" என்றால் பாதிப் பேர் இயற்கைக் காட்சிக்குப் போய்விடுவார்கள், மீதிப் பேர் ஒரு கம்பெனி லோகோவை அப்படியே எடுத்து வைப்பார்கள். லோகோ ஏற்கெனவே முடிந்த வடிவமைப்பு. அதில் மாணவர் முடிவெடுக்க ஒன்றும் மிச்சமில்லை. பிளக், சாவி, கத்தரிக்கோல், டூத் பிரஷ், குண்டு பல்பு, போனில் பேட்டரி குறைந்ததைக் காட்டும் குறி, வெளியேறும் வழியைக் காட்டும் ஓடும் மனிதன்: இந்த மாதிரிப் பொருள்கள்தான் கைகொடுக்கும். எல்லோருக்கும் தெரியும், யாரும் நின்று பார்ப்பதில்லை.

நின்று பார்க்க வைக்க ஓர் அட்டை போதும். 10 செ.மீ. சதுர அட்டையின் நடுவே 3 செ.மீ. சதுரத்தை வெட்டி எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியே பொருளைப் பார்க்கச் சொல்லுங்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் கற்பித்த கன்னியாஸ்திரி கோரிட்டா கென்ட் தன் மாணவர்களுக்குக் கொடுத்ததும் இதே மாதிரிச் சட்டம்தான். பொருளின் ஓரங்கள் சட்டத்துக்கு வெளியே போகட்டும். முழு சாவியை விட அதன் பற்கள் மட்டும் தெரியும் சதுரம் எப்போதும் வலுவாக இருக்கும்.

மூன்றுநிறம்:
தேர்வுக்கு அடுத்த சிக்கல் ஷேடிங். பென்சிலில் மென்மையாக நிழல் கொடுத்துப் பழகிய மாணவருக்கு அதை விடவே மனசு வராது. பென்சிலைப் பிடுங்கிவிட்டு, பட்டை முனை மார்க்கரைக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். பொருளைப் போனில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்ட்டை முழுக்க ஏற்றிப் பிரிண்ட் எடுங்கள். அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே தாள் வைத்து, கறுப்புத் திட்டுகளின் ஓரத்தை மட்டும் வரைய வேண்டும். வெளிக்கோடு 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது. மூன்று மீட்டர் தள்ளி நின்று காட்டும்போது என்ன பொருள் என்று உடனே சொல்ல முடியாவிட்டால், அந்தப் படத்தில் கோடு அதிகம். இரண்டு கோடுகளை எடுத்துப் பாருங்கள்.

நிறம்: ஏற்ற இறக்கமில்லாத இரண்டு தட்டை நிறம், கறுப்பு, தாளின் வெள்ளை. அவ்வளவுதான். போஸ்டர் கலர் பூசும்போது முதல் பூச்சு முழுக்கக் காயாமல் இரண்டாவதைத் தேய்த்தால் கீழே உள்ளது கரைந்து மேலே வரும், திட்டுத் திட்டாகும். கறுப்பு வெளிக்கோடு கடைசியில்தான். முதலில் போட்டால் மஞ்சள் பூசும்போது அது இழுபட்டு அழுக்கு நிறமாகிவிடும். மெழுகு கிரேயான் மேல் மார்க்கர் பிடிக்காது. முனையும் அடைத்துக்கொள்ளும்.

புள்ளிக்கோலன்:
படத்தில் நிறத்தை நிரப்ப வரிசையாக வைக்கும் புள்ளிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மாணவர்கள் அதிகம் ரசிப்பதும், அதிகம் கெடுப்பதும் அங்கேதான்.

அமெரிக்கப் பாப் ஆர்ட் ஓவியர் ராய் லிக்டென்ஸ்டைன் 1961இல் 'லுக் மிக்கி' படத்துக்கு நாய் சீவும் பிரஷ்ஷைச் சாயத்தில் தொட்டுப் புள்ளி வைத்தார். பின்னாளில் துளைத் தகடு வழியே சாயத்தைத் தேய்த்தார். மலிவு அச்சில் வரும் பென்டே புள்ளிகளைக் கையால் செய்யும் வேலை அது. இதைச் சொன்னால் "மெஷின் இல்லாமல் முடியாதா" என்ற கேள்வி அடங்கிவிடும்.

வகுப்புக்கு எளிய கருவி, பென்சிலின் பின்னால் இருக்கும் ரப்பர். 1 செ.மீ. கட்டத் தாளை 45 பாகை திருப்பி, மெல்லிய வரைதாளுக்கு அடியில் வைத்து, கோடுகள் வெட்டும் இடத்தில் மட்டும் அச்சுக் குத்த வேண்டும். சாயம் தூரிகையைச் சாய்த்தாலும் சொட்டாத பதத்தில் இருக்கட்டும். அதை நேராகத் தொடாமல், தட்டையான ஸ்பாஞ்சில் தடவி அதில் ரப்பரை ஒற்றி எடுங்கள். புள்ளி நடுவில் வெளுத்து ஓரம் மட்டும் தடித்து வளையமாக வந்தால் சாயம் அதிகம் என்று அர்த்தம், அழுத்தும்போது வெளியே பிதுங்குகிறது. மங்கலாக வந்தால் ரப்பர் முனை தேய்ந்து குவிந்திருக்கும். உப்புத்தாளில் சமமாக்கினால் சரியாகும். பபிள் ஷீட்டை உருட்டிப் புள்ளி வைப்பது வேகம்தான், ஆனால் குமிழ் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அழுத்தத்தில் படும், வரிசை தெரியாது. எனக்கு அது பிடிக்காது.

புள்ளி போட வேண்டாத இடத்தை வெட்டிய தாளால் மூடிவிடுங்கள். டேப் ஒட்டினால் உரிக்கும்போது தாளும் சேர்ந்து வரும்.

அச்சுத்தாள்:
வரைவதோடு நிறுத்தினால் பாதிதான். ஒரே படத்தைப் பல பிரதிகளாகப் பெருக்கிக் காட்டினால்தான் சின்னம் சின்னமாகும். இன்னொரு பாப் ஆர்ட் ஓவியரான ஆண்டி வார்ஹோல் 1962இல் காட்சிக்கு வைத்த சூப் டின் ஓவியங்கள் 32. எல்லாம் கையால் தீட்டியவை, லேபிளின் அடிவரிசையில் இருக்கும் அலங்காரம் மட்டும் கை முத்திரையால் குத்தியது. வலைத்துணி வழியே சாயத்தைத் தள்ளி அச்சிடும் சில்க் ஸ்கிரீனுக்கு அவர் வந்தது அதற்குப் பிறகுதான். ஆகவே ஸ்கிரீன் இல்லையே என்று தயங்க வேண்டாம்.

மெல்லிய, வழுவழுப்பான தெர்மோகோல் தட்டில் 12 செ.மீ. சதுரம் வெட்டி, பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி வரைந்தால் அச்சுப் பலகை தயார். மணி மணியாக இருக்கும் தடித்த தெர்மோகோல் உதிரும், வேண்டாம். எழுத்து இருந்தால் கண்ணாடியில் தெரிவது போல் திருப்பி எழுத வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் ஒருவராவது மறப்பார். அதனால் டிரேசிங் தாளில் எழுதி, கவிழ்த்துப் போட்டு வரைய வைப்பதே நல்லது. பலகை மேல் சாயம் தடவும் ரோலரில் சாயம் அதிகமானால் பள்ளம் நிரம்பிக் கோடு மறைந்துவிடும்.

ஒரே பலகையில் நான்கு அச்சு, நான்கு நிறப் பின்னணி. பின்னணித் தாளில் இரண்டு மூலைகளில் 'ட' வடிவில் பென்சில் குறி போட்டுவிட்டால் பலகை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்காரும். முதல் அச்சை எண்ண வேண்டாம், சாயம் பலகையில் படிவதற்கே அது போய்விடும்.

சாயக்கிண்ணம்:
நான்கில் ஒன்றை மட்டும் அழுக்குப் பழுப்புப் பின்னணியில் அடிக்கச் சொல்லுங்கள். மற்ற மூன்றும் ஏன் விளம்பரம் மாதிரி கத்துகின்றன என்ற பேச்சு அங்கிருந்து தானாகத் தொடங்கும்.