மழைக்காலத்தில் ஃபிரேம் டிரம் தொய்ந்துபோகிறது. தியானத்துக்கு எப்படி அடிப்பது?

முத்தியால்பேட்டை77:
16 அங்குல ஃபிரேம் டிரம், கையால் செய்தது. மரவளையத்தின் ஒரு பக்கம் ஆட்டுத்தோல், பின்பக்கம் தோல்வார் கட்டு. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி 'தொப் தொப்' என்றுதான் கேட்கிறது. பறையைப் போல நெருப்பில் காய்ச்சலாமா? தியானத்துக்கு என்ன வேகம், எவ்வளவு நேரம்? படுத்திருப்பவர் உடம்புக்கு மேலே பிடித்து அடித்தால் சக்கரம் திறக்கும் என்கிறார்களே, அதை எப்படிச் செய்வது?

தோல்கட்டு:
நெருப்புப் பக்கமே போகாதீங்க. பறையில் இருப்பது தடித்த மாட்டுத்தோல், மரச்சட்டத்தில் பசை போட்டு ஒட்டியது. அதையே காய்ச்சத் தெரிந்தவர்கள் ஓரிடத்தில் நிறுத்தாமல் சுழற்றிக்கொண்டேதான் காட்டுவார்கள். உங்களுடையது மெல்லிசு. பதனிடாத தோல் ஈரத்தோடு 60 டிகிரியைத் தாண்டிச் சூடானால் நார் சுருங்கிவிடும். சுருங்கின இடம் விறைத்தது விறைத்ததுதான், பிறகு அங்கேயிருந்துதான் கிழியும்.

ஈரக்காற்றை உறிஞ்சி நார் ஊதுகிறது, இழுவிசை குறைகிறது, அவ்வளவுதான் கோளாறு. ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரு அடி தள்ளிப் பிடித்து, விளிம்பிலிருந்து வட்டமாகச் சுற்றி வாங்க. முன்பக்கம் மூன்று நிமிடம், பிறகு பின்பக்கம் வாருக்கும் காட்டுங்க. வாரும் தோல்தானே, அதுவும் ஊதியிருக்கும். பலர் இதை விட்டுவிட்டு 'ஏறவே மாட்டேங்குது' என்பார்கள். உள்ளங்கை வைத்தால் வெதுவெதுப்பு, அதற்கு மேல் கூடாது. டிரையர் இல்லையென்றால் 40 வாட் குண்டு பல்புக்கு ஒன்றரை அடி மேலே கவிழ்த்து 20 நிமிடம். நம்ம ஊர்க் காற்றில் அரை மணி நேரத்தில் மறுபடி இறங்கும், அதனால் அடிப்பதற்குச் சற்று முன்புதான் காட்டணும்.

காய வைத்த பிறகும் தொய்வு இருந்தால் வார்தான் நழுவியிருக்கிறது. அதற்காகக் கார்த்திகையில் நனைத்து மறுகட்டு போட்டுவிடாதீங்க. காயாது, நாற்றமெடுத்து அழுகும். தை பிறக்கட்டும். அப்போது 12 மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, கட்டி, இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்தலாம். ஈரத்திலேயே விறைப்பாக இழுத்துக் கட்டினால் காயும்போது தோல் வளையத்தை அப்பளமாக வளைத்துவிடும்.

தேங்காய் எண்ணெய் தடவுங்கள் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீங்க, நாதம் மந்தமாகிவிடும்.

நான்குதட்டு:
வேகத்துக்கு வருவோம். டிரம் அடித்துத் தியானம் செய்யும் இந்த முறை சைபீரியா, வட ஐரோப்பாப் பக்கத்துச் சடங்குகளிலிருந்து எடுத்து, அமெரிக்க மானுடவியலாளர் மைக்கேல் ஹார்னர் போன்றவர்கள் மேற்கே பரப்பியது. ஒரே சீரான தட்டு, நிமிடத்துக்கு சுமார் 205 முதல் 220. தாளமும் இல்லை, தீர்மானமும் இல்லை. மிருதங்கம் கற்றவர்களுக்குத்தான் இது கஷ்டம், கை தானாகக் கோர்வை போடப் பார்க்கும்.

போனில் மெட்ரோனோம் (சீராகத் தட்டிக் காட்டும் செயலி) வைத்துப் பழகுங்க. முதல் இரண்டு நிமிடம் 60 வேகம், பிறகு மெல்ல ஏற்றி, மொத்தம் 15 நிமிடம் போதும். முடிவில் சட்டென்று நிறுத்தினால் கேட்பவர் திடுக்கிடுவார். அதனால் தியானத்திலிருந்து திரும்பி வரச் சொல்லும் வழக்கமான அழைப்பைக் கொடுங்க: ஏழு ஏழாக நான்கு முறை அழுத்தமான தட்டு, பிறகு அரை நிமிடம் வேகத் தட்டு, மறுபடி ஏழேழாக நான்கு. நட்டநடுவில் அடித்தால் சத்தம் செத்துவிடும். நடுவுக்கும் விளிம்புக்கும் இடையில், கம்பளி சுற்றித் தோல் போர்த்திய முனையுள்ள குச்சியால், மணிக்கட்டை மட்டும் அசைத்து அடிக்கணும். தோள் சேர்ந்தால் ஐந்தாம் நிமிடமே வேகம் ஓடும்.

சக்கரம் திறக்குமா என்று கேட்டீர்கள். டிரம் எதையும் திறக்காது என்பது என் கருத்து. நெஞ்சில் 'கும்' என்று உணர்வது தாழ்ந்த நாதத்தின் அதிர்வு. ஒரே தட்டில் கவனம் கட்டுப்படுவதும் உண்மை. உடுக்கைச் சத்தத்தில் சாமி வருவதைப் பார்த்த ஊருக்கு இதை விளக்கணுமா என்ன. வியாதி தீரும் என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீங்க. ஆள் மேல் பிடிப்பதானால் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் ஒன்றரை அடி உயரத்தில், மெதுவாக. காதுக்கு நேரே ஒருபோதும் கூடாது. காது இரைச்சல், தலைசுற்றல் உள்ளவர் எட்டி உட்காரட்டும்.

முத்தியால்பேட்டை77:
நன்றி. வீட்டுக்கு வீடு ஒரே சுவர். பேசாமல் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கொண்டுபோய் அடிக்கலாமா?

தோல்கட்டு:
தை, மாசியில் காலை ஏழரைக்கு மேல் போங்க. இப்போது வேண்டாம். கடல்காற்றின் உப்பு தோலில் படிந்தால் அது தானே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், வீட்டுக்கு வந்தும் தொய்வு போகாது. போய் வந்தால் நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியால் ஒரு தடவை, உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைத்து, விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் விட்டு உறையில் போடுங்க. உறைக்குள் 50 கிராம் சிலிக்கா ஜெல் இரண்டு பொட்டலம். நிறம் மாறும் வகையாக வாங்கினால், மாறியதும் வறுத்துத் திரும்பப் போடலாம். சித்திரையில் பொட்டலத்தை வெளியே எடுத்துவிடணும், இல்லையென்றால் தோல் அதிகமாக இறுகி வளையம் கோணும்.

நான்குதட்டு:
வீட்டிலேயே என்றால் மாலை ஆறு மணிக்குள். பக்கத்து வீட்டில் முதலிலேயே சொல்லி வையுங்க, இல்லாவிட்டால் 'யார் வீட்டில் சாவு?' என்று கேட்டு வந்து நிற்பார்கள். டிரம்மின் பின்புறம் விளிம்பை ஒட்டி மடித்த துண்டைச் செருகினால் சத்தம் ஓரளவு தணியும்.