புதுப்பிப்பு: வொயிட் சாக்ஸ் 121 தோல்வியைத் தொட்டாச்சு

2024 ஜூலைக் கடைசியில் சிகாகோ பேஸ்பால் அணியான வொயிட் சாக்ஸ் தன் பந்துவீச்சாளர்கள் ஃபெடி, கோபெக் இரண்டு பேரையும் டிரேடில் வேறு அணிகளுக்கு அனுப்பியபோது, இனி பந்து வீச ஆளே இல்லையே என்று புலம்பியிருந்தேன் இல்லையா, அதன் தொடர்ச்சி இது. செப்டம்பர் 27-ல் டெட்ராய்ட்டில் 4-1 என்று தோற்றாச்சு. சீசனில் 121-வது தோல்வி, நவீன மேஜர் லீக்கில் ஒரே சீசனில் அதிகத் தோல்வி என்றிருந்த 1962 நியூயார்க் மெட்ஸின் 120 போயே போச்சு.

நடுவில் வரிசையாக 21 ஆட்டம் தோற்றார்கள், அது முறிந்த இரண்டே நாளில் மேனேஜர் கிரிஃபோலை வீட்டுக்கு அனுப்பினார்கள். சரி, அதனால் புல்பென் (நடுவில் மாற்றாக வந்து வீசும் ரிலீவர்கள்) மாறிவிடுமா? முன்னிலையோடு, ஒன்பதில் ஏழாவது இன்னிங்ஸ் வந்தாலே வயிற்றைக் கலக்கும்: ரிலீவர் வருவார், முதல் ஆளுக்கு வாக் (நாலு தப்புப் பந்து போட்டு இலவசமாக முதல் பேஸ்), அடுத்த ஆளுக்கு நட்டநடுவில் ஒரு ஃபாஸ்ட்பால், அவர் அதை விளாசுவார், ஆட்டம் சமம்.

ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கி வீசுகிறவர்) க்ரோஷே ஒருவர்தான் ஆறுதல், 200-க்கு மேல் ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆளை அவுட் ஆக்குவது). ஆனால் கை கெட்டுவிடக் கூடாதென்று ஜூலையிலிருந்து நாலு இன்னிங்ஸுக்கு மேல் விடவில்லை (முழு சீசன் ஸ்டார்ட்டராக வீசுவது இதுதான் முதல் தடவை, தப்பில்லை), மிச்ச ஐந்து அதே புல்பென் தலையில்தான்.

டெட்ராய்ட் போவதற்கு முன்னால் சொந்த மைதானத்தில் ஏஞ்சல்ஸ் அணியை மூன்று ஆட்டமும் ஜெயித்தார்கள், அப்போதும் கூட்டம் 'டீமை விற்றுத் தொலை' என்றுதான் கத்தியது. நியாயம்தான்.

குளிர்காலத்தில் க்ரோஷேவையும் கொடுப்பார்கள் போலிருக்கிறது. கொடுக்கட்டும், ஆனால் ஒரு நல்ல கேட்சரும் அடிக்கத் தெரிந்த இரண்டு பேரும் வராமல் கையெழுத்துப் போடக் கூடாது.