சைக்கிள் பின் வீல் கட்டணும், ஹப் (வீல் நடு உருளை) விஷயத்துல உதவுங்கண்ணே
ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊர்ல இருந்து எழுதுறேன். பின்னாடி மீன் பெட்டிய கட்டிக்கிட்டு பாம்பன் பாலம் ஏறி எறங்கி பழைய எம்டிபி (மலை சைக்கிள்) வண்டியோட பின் ஆக்ஸில் ரெண்டு தடவ வளைஞ்சிருச்சு, உப்புக்காத்துல கம்பியும் துருப்பிடிச்சு ஒவ்வொண்ணா அத்துக்குது. பல்சக்கரத்த திருகி மாட்டுற ஃப்ரீவீல் ஹப்புல வலது பேரிங் உள்ள தள்ளி இருக்கறதால அப்படித்தான் வளையும், அதான் பேரிங் வெளி ஓரத்துல வர்ற ஃப்ரீஹப்புக்கே (கேசட்ங்கற பல்சக்கர அடுக்க சொருகி மாட்டுற ஹப்பு) மாறிடலாம்னு இருக்கேன்.

ஃபிரேமுல பின் ஹப் உக்கார்ற இடைவெளி 135 மிமீ, 36 ஓட்டை ரிம்மு கைல இருக்கு. ஷிஃப்டர் 7 ஸ்பீடு, அத மாத்த இப்ப காசில்ல. 8/9/10 ஸ்பீடு ஷிமானோ ஹெச்ஜி வகை ஃப்ரீஹப்புல 4.5 மிமீ ஸ்பேசர் (இடைவெளிய நிரப்புற வளையம்) போட்டு 7 ஸ்பீடு கேசட் மாட்டி யாராச்சும் ஓட்டுறீங்களா? கேசட் பக்கம் கம்பி கொஞ்சம் குட்டையா வேணும், கடைல கேட்டா ரெண்டு பக்கமும் ஒரே அளவுதான்ங்கறாங்க! ஸ்டெயின்லெஸ் கம்பிய அளவா வெட்டி மரை போட்டுத் தர்ற எடம் ராம்நாடு, மதுரை பக்கம் இருந்தா சொல்லுங்க. கோட்டம் எடுக்குறத நானே பாத்துக்குவேன்.