பல்வலிக்கு ஒரு செட் மாத்திரை: நமக்கு நேர்ந்தவை

மதுரையிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர்

கீழ்த்தாடையின் கடைவாய்ப்பல்லில் சொத்தை விழுந்திருப்பது தெரிந்தும், நேரமில்லை என்று சொல்லியே ஒன்றரை ஆண்டுகளைக் கடத்தியவன் நான். வலி வரும்போதெல்லாம் தெருமுனை மருந்துக் கடையில் "பல்வலிக்கு ஒரு செட் கொடுங்கள்" என்பேன். கடைக்காரரும் அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல் என்ற இரண்டு ஆன்டிபயாட்டிக், வலி மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று என நான்கையும் கத்தரித்து, மூன்று வேளைக்கு மூன்று பொட்டலங்களாக மடித்துத் தருவார். இரண்டாவது வேளையிலேயே வலி குறைந்துவிடுவதால் மூன்றாவது பொட்டலம் பெரும்பாலும் மேசை இழுப்பறைக்குப் போய்விடும். இப்படி நான்கு முறை.

என்னை ஏமாற்றியது மூன்றாவது முறைதான். இரவெல்லாம் தூங்கவிடாமல் குத்திய வலி, மாத்திரை போட்ட மறுநாள் அடியோடு நின்று, இரண்டு மாதம் தலைகாட்டவே இல்லை. நான்காவது முறை தாடை வீங்கி, காய்ச்சலும் வந்து, வாயைத் திறக்க முடியாமல் போனபின் பல் மருத்துவரிடம் சென்றேன். அவர் எக்ஸ்ரேயைக் காட்டி, அன்று வலி நின்றது பல் குணமானதால் அல்ல, உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் கொண்ட மென்மையான பல்கூழ் செத்துப்போனதால் என்றார். செத்த கூழுக்கு உணர்ச்சி இல்லை; இரத்த ஓட்டமும் இல்லாததால் விழுங்கும் மருந்து அங்கே போய்ச் சேர வழியில்லை; கிருமிகள் மட்டும் வேர் நுனியைத் தாண்டி எலும்புக்குள் இறங்கியிருந்தன. ஒரு சாவினால் வந்த அமைதியை நான் மாத்திரையின் வரவில் எழுதியிருக்கிறேன்.

சீழை வடித்து வேர் சிகிச்சையைத் தொடங்கிய அவர், காய்ச்சலும் வீக்கமும் இருந்ததால் மட்டுமே அமாக்சிசிலின் எழுதினார். மூன்றாம் நாள் வந்து காட்டவும் சொன்னார். இதுபோன்ற அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு பல் மருத்துவர்

ஆசிரியர் ஐயா சொன்ன கதையை நான் வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். கூழ் அழற்சியின் வலி, விரிய இடமில்லாத கடினமான சுவர்களுக்குள் வீக்கம் ஏற்படுவதால் வருவது. அதை ஆன்டிபயாட்டிக் தணிப்பதில்லை. செட்டில் கூடவே இருக்கும் வலி மாத்திரைதான் தணிக்கிறது, பெயர் மட்டும் மற்றதற்குப் போகிறது. 2019இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலும், உடல்நலம் உள்ள பெரியவர்களுக்குப் பல்லிலேயே உடனடிச் சிகிச்சை கிடைக்குமானால், பெரும்பாலான பல்வலிக்கும் வேர்நுனிச் சீழுக்கும் ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்றே சொல்கிறது. காய்ச்சல், பரவும் வீக்கம் போன்றவை இருந்தால் நிலைமை வேறு. விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் இருந்தால் பெரிய மருத்துவமனைக்கே ஓட வேண்டும்.

ஆனால் குற்றத்தை நோயாளிகள் மீதே சுமத்த மாட்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், மாத்திரை எழுதாமல் அனுப்பினால் கைராசி இல்லாத டாக்டர் என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயத்தில், சாதாரணமாகப் பல் பிடுங்கியவர்களுக்கும் ஐந்து நாள் எழுதிக் கொடுத்தவன் நான். எழுதாமல் இருக்கத்தான் அதிக நேரம் பேச வேண்டியிருக்கிறது.

ஈரோட்டிலிருந்து ஒரு மருந்தாளுநர்

எங்கள் தரப்பையும் சொல்கிறேன். அமாக்சிசிலினை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. செஃபிக்சைம் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் 2014 முதல், கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் பட்டியலான எச்-1 அட்டவணையில் உள்ளன. அவற்றுக்கு மருத்துவர், நோயாளி, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சீட்டு கேட்டால் "அடுத்த கடையில் கொடுக்கிறார்களே" என்று பதில் வருகிறது. உண்மையிலேயே கொடுக்கிறார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து ஓர் இல்லத்தரசி

என் அம்மாவுக்குச் செயற்கை இதய வால்வு பொருத்தியிருப்பதால், பல் எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு 500 மில்லிகிராம் அமாக்சிசிலின் கேப்சூல் நான்கை ஒரேயடியாக விழுங்கச் சொன்னார் மருத்துவர். பல் எடுக்கும்போது இரத்தத்தில் கலக்கும் கிருமிகள் வால்வில் ஒட்டிக்கொள்ளலாம் என்பதால் இந்த முன்னெச்சரிக்கையாம். அதற்கு முன்பே அவர் கேட்ட முதல் கேள்வி, கடையில் மெட்ரோனிடசோல் வாங்கிப் போட்டீர்களா என்பது. இரத்தம் உறையாமலிருக்க அம்மா சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரையோடு அது சேர்ந்தால் இரத்தப்போக்கு அதிகமாகுமாம். நல்லவேளையாக நாங்கள் வாங்கவில்லை. பல் எடுத்த பிறகு ஐந்து நாளைக்கு மாத்திரை வேண்டாமா என்று நான் இரண்டு முறை கேட்டும், அந்த ஒரு வேளையே போதும் என்று சொல்லிவிட்டார்.

இதைக் கேள்விப்பட்ட என் மாமா, தமக்கு ஸ்டென்ட் வைத்திருப்பதால் தமக்கும் அந்த நான்கு கேப்சூல் வேண்டும் என்று அதே மருத்துவரிடம் வாதாடினார். ஸ்டென்ட்டுக்கு அது தேவையில்லை என்று அவர் படம் வரைந்து விளக்கினார். மாமா மனத்தாங்கலோடுதான் பல்லைக் கொடுத்தார். புண் ஒரு வாரத்தில் ஆறியது.